சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம்: பழைய புரொஜெக்ஷன் ரிவிகளின் கொன்வேர்ஜன்ஸ் பழுது

பெரிய புரொஜெக்ஷன் ரிவி ஒன்றில் படத்தின் நிறங்கள் பிரிந்து, ஆட்களின் முகத்துக்கு மேலே ஒரு சிவப்பு நிழலும் கீழே ஒரு நீல நிழலும் விழத் தொடங்கினால் வன்னியில் அதற்குப் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புத்தான் கிடைக்கும். ஒன்று, பிக்சர் ரியூப் போய்விட்டது, இனிச் சரிவராது என்பது. மற்றது, றிமோட்டை எடுத்து மெனுவுக்குள் போய், கோடுகள் ஒன்று சேரும்வரை அழுத்திக்கொண்டே இருப்பது. இரண்டும் பிழை. இது கொன்வேர்ஜன்ஸ் பழுது, அதாவது மூன்று நிறப் படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேராத பழுது. இதில் ரியூப் மூன்றும் அநேகமாக நல்லாகவே இருக்கும். நிறங்களை ஒன்றுசேர்க்கும் அளவுகளும் ரிவியின் நினைவகத்தில் அழியாமல் இருக்கும். போயிருப்பது அந்த அளவுகளுக்கும் ரியூபுக்கும் நடுவில் வேலை செய்யும் இரண்டு ஐசிகள், அதாவது மின்னணுச் சில்லுகள். அவற்றை மாற்றாமல் றிமோட்டில் எதைச் செய்தாலும், நல்லாக இருந்த ஒரே பகுதியையும் கெடுத்ததாகத்தான் முடியும்.

பழுது சிறியது, ஆனால் அதைத் திருத்தும் விதம் பலருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. அதனால் இன்னும் பல வருடம் ஓடக்கூடிய செற்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடக்கின்றன. இதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை என்பதால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இந்த ரிவிகள் இங்கே வந்த கதை. உலகச் சந்தையில் இவை அதிகம் விற்றது 1990களின் பிற்பாதியிலும் 2000களின் முற்பாதியிலும். அந்த வருடங்களில் பெரும்பகுதி வன்னியில் மின்சாரமே இல்லை. பொருளாதாரத் தடைக்குள் பற்றரி கிடைப்பதே பெரும்பாடு. சைக்கிளின் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. 2002இல் ஏ9 வீதி திறந்தது, சாமான்கள் வந்தன. 2006 ஆகஸ்டில் வீதி திரும்பப் பூட்டப்பட்டது. 2009 மே மாதம் முடிந்த யுத்தத்தோடு நடந்த இடப்பெயர்வுகளில் வீட்டு மின்சாமான் என்று தப்பியது மிகக் குறைவு. ஆகவே இன்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கண்ணில் படும் புரொஜெக்ஷன் ரிவிகள் அநேகமாக மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வந்தவை. வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர் தட்டை ரிவி வாங்கியதும் பழையதைக் கப்பலில் போட்டு அனுப்பியது, கொழும்பில் பாவித்த சாமான் விற்பவரிடம் வாங்கி லொறியில் ஏற்றி வந்தது, இப்படி. அதாவது தன் நல்ல வயதை வேறொரு நாட்டில் கழித்துவிட்டு, ஐசிகளும் இரப்பர் வளையங்களும் பாதி களைத்த நிலையில் வன்னி வெயிலுக்கு வந்த சாமான் இது. இங்கே வந்து இரண்டொரு வருடத்தில் பழுதாகிறது என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

கனடாவில் இருந்து வந்த செற் என்றால் இன்னொரு விசயமும் உண்டு. அது 120 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டது, நம்முடையது 230. குறைக்கும் டிரான்ஸ்போமர் இல்லாமல் நேரே சொருகினால் பவர் சப்ளை அந்த இடத்திலேயே போய்விடும். டிரான்ஸ்போமரும் குறைந்தது 500 வோல்ற் அம்பியர் தாங்குவதாக இருக்கவேண்டும். அதன் ரியூனரும் அங்குள்ள ஒளிபரப்பு முறைக்கானது என்பதால் அன்ரனா வயரைச் சொருகிப் பயனில்லை; டிவிடி பிளேயரையோ டிஷ் பெட்டியையோ ஏவி வழியாகக் கொடுத்துத்தான் பார்க்கவேண்டும், அதுவும் அந்தப் பெட்டி கனடாவில் பாவித்த என்ரிஎஸ்சி முறையில் படம் கொடுக்கக்கூடியதாக இருந்தால். இவை கொன்வேர்ஜன்ஸ் பழுதில்லை. ஆனால் பழுது என்று கொண்டுவரப்படும் செற்களில் சிலவற்றுக்கு இதுதான் காரணம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெட்டியின் அடிப்பகுதியில் ஏழு அங்குல அளவான மூன்று சிறிய பிக்சர் ரியூப்கள் வரிசையாக நிற்கும். ஒன்று சிவப்பு மட்டும், ஒன்று பச்சை மட்டும், ஒன்று நீலம் மட்டும் காட்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் தடித்த லென்ஸ். மூன்று படமும் பெட்டியின் பின்புறத்தில் சரிந்து நிற்கும் பெரிய கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் பின்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அப்படி விழும்போதுதான் நமக்கு வெள்ளை வெள்ளையாகத் தெரியும், தோலின் நிறம் தோலின் நிறமாகத் தெரியும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பச்சை ரியூப் மட்டுமே நடுவில் நிற்கிறது. சிவப்பும் நீலமும் இரண்டு பக்கமும் சரிந்து நிற்கின்றன. மூன்று பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்று சுவரில் ஒரே இடத்துக்கு டோச் அடித்துப் பாருங்கள்: நடுவில் நிற்பவரின் வெளிச்சம் வட்டமாக விழும், மற்ற இரண்டும் ஒரு பக்கம் இழுபட்டு நிற்கும். ரியூபிலும் அதே கதைதான். சிவப்புப் படம் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குள்ளமாகவும் விழும். நீலம் அதற்கு எதிர்மாறாக விழும். போதாததற்கு லென்ஸே நேர்கோட்டைக் கொஞ்சம் வளைக்கும். இதையெல்லாம் திரையில் நேராக்க வேண்டுமென்றால், ரியூபின் முகத்தில் படத்தை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்து வரையவேண்டும்.

அந்த வளைப்பைச் செய்வதற்கென்று ஒவ்வொரு ரியூபின் கழுத்திலும், வழமையான யோக்கின் (இலத்திரன் கற்றையை அசைத்துப் படத்தை வரையும் செம்புச் சுருளின்) பின்னால், இன்னொரு சிறிய யோக் இருக்கும். அதற்குள் ஓடும் கரண்டைக் கூட்டிக் குறைத்தால் படத்தின் அந்தந்த இடம் மட்டும் அசையும். ஒரு ரியூபுக்குக் கிடை ஒன்று, நெடுக்கு ஒன்று என்று இரண்டு வீதம், மூன்று ரியூபுக்கும் சேர்த்து ஆறு வழி. பழைய செற்களில் இந்தக் கரண்டின் வடிவத்தைத் தீர்மானிக்க ஒரு போர்ட் நிறையத் திருகுகள் இருந்தன. பிறகு வந்தவற்றில் திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணை நினைவகத்தில் எழுதி வைத்தார்கள். தொழிற்சாலையில் எழுதிய அந்த எண்கள்தான் இந்தக் கதையில் மிகப் பெறுமதியானவை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் என்றும் பாருங்கள். ரியூபின் முகத்தில் படத்தின் மூலைக்கு மூலை அளவு ஏறத்தாழ ஐந்து அங்குலம். திரையில் அது 50 அங்குலம். பத்து மடங்கு பெருப்பிப்பு. ரியூபில் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு விலகினால் திரையில் ஒரு மில்லிமீற்றர் விலகும். எழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிவது அப்போதே கண்ணுக்குத் தெரியும்.

நினைவகத்தில் உள்ள எண் யோக்கை நேரே ஓட்டாது. அதைப் பலமான கரண்டாக மாற்றிக் கொடுக்க ஒரு பெருக்கி வேண்டும். அங்கேதான் நம்முடைய இரண்டு ஐசிகள் வருகின்றன. சான்யோ கொம்பனி செய்த எஸ்டிகே 392 வரிசைதான் கூடுதலாகக் காணப்படுவது. 392-110, 392-120 என்று கடைசி எண்கள் மாறும். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று பெருக்கிகள். ஆக இரண்டு ஐசிக்கு ஆறு வழி, கணக்குச் சரி. சோனி, ஹிற்றாச்சி, மிற்சுபிசி, தோசிபா, பானசோனிக் என்று பெயர் மாறினாலும் உள்ளே இருக்கும் ஐசி அநேகமாக இந்தக் குடும்பம்தான். அதனால்தான் கொம்பனி எதுவாக இருந்தாலும் பழுது ஒரே முகத்தோடு வருகிறது.

இந்த ஐசி ஏன் போகிறது? கடுமையாகச் சூடாகும், அவ்வளவுதான். படத்தின் ஒவ்வொரு கிடைக்கோட்டுக்கும், அதாவது செக்கனுக்குப் பதினையாயிரம் தடவைக்கு மேல், யோக் சுருளுக்குள் கரண்டைத் திருப்பித் திருப்பித் தள்ளவேண்டும். சுருள் என்பது கரண்ட் மாறுவதை எதிர்க்கிற சாமான். அந்த இழுபறியில் வீணாகும் சக்தி முழுக்க ஐசிக்குள் சூடாக இறங்குகிறது. ரிவி போட்டதும் சூடாகி விரியும், நிற்பாட்டியதும் ஆறிச் சுருங்கும். பல வருடம் இப்படி விரிந்து சுருங்கினால் உள்ளே உள்ள மெல்லிய இணைப்புகள் களைத்துவிடும். ஹீற்சிங்குக்கும் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டுக்கும்) ஐசிக்கும் நடுவில் பூசிய வெள்ளைக் கிறீஸ் காய்ந்து தூளானால் முடிவு இன்னும் கெதியாக வரும்.

இதற்கு மேல் வன்னி தன் பங்கைச் சேர்க்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரை வீட்டுக்குள் பகல் முழுக்க ஏறியிருக்கும் சூட்டைச் சொல்லத் தேவையில்லை. கிரவல் வீதியோரத்து வீடு என்றால் செம்மண் தூசி பெட்டியின் பின்பக்கத் துளைகளால் போய் ஹீற்சிங்கின் பற்களுக்கு நடுவில் படிந்து காற்றை மறிக்கும். மாலையில் எல்லாரும் லைற் போடும் நேரம் கம்பியின் கடைசி வீடுகளில் வோல்ற்றேஜ் விழும். இரவு பத்து மணிக்கு மேல் ஏறும். கோயில் திருவிழாவுக்கோ கலியாண வீட்டுக்கோ வாடகை ஜெனரேற்றரில் ஓட்டினால் அது இதைவிட மோசம். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022இல் கரண்ட் விட்டு விட்டு வந்த மாதங்களும் இந்தச் செற்களுக்கு நல்லதாக இருந்திருக்காது. ஒவ்வொரு வெட்டும் ஒரு சூடு ஆறல்தான். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள் என்பது நினைவிருக்கும்.

ஐசி போனால் திரையில் என்ன தெரியும் என்பதைக் கவனித்துப் பார்த்தால், பெட்டியைத் திறக்காமலே பாதிப் பழுதைக் கண்டுபிடிக்கலாம். ஒரு பெருக்கி வேலை செய்யாமல் நின்றுவிட்டால் அந்த நிறத்துக்குத் திருத்தம் கிடைக்காது. ஆகவே அது தன் இயல்பான கோணலோடு விழும். திரையின் நடுவில் மூன்றும் ஏறத்தாழச் சேர்ந்திருக்கும், மேலும் கீழும் போகப் போகப் பிரியும், கோடு வில்லாக வளையும். பெருக்கியின் வெளிப்பக்கம் உள்ளே ஒட்டுப்பட்டுவிட்டால், அதாவது ஷோர்ட் ஆகிவிட்டால், கதை வேறு. யோக்குக்குள் ஒரே பக்கமாகக் கரண்ட் ஓடும்; அந்த நிறத்தின் படம் முழுவதுமே மேலேயோ கீழேயோ பக்கவாட்டிலோ தள்ளுப்பட்டுப் போகும். ஒரே ஐசிக்குள் மூன்று வழி இருப்பதால் இரண்டு நிறம் ஒன்றாகக் குழம்புவதும் சாதாரணம். மூன்றாவது வகையில் படமே வராது. போட்டதும் உள்ளே டிக் என்று ஒரு சத்தம், பிறகு இன்னொரு டிக், லைற் மினுங்கும். இது ஐசியின் ஒட்டுப்பாட்டால் சப்ளை இழுபட்டு, செற் தன்னைத்தானே காப்பாற்றப் பூட்டிக்கொள்வது. இதைப் பவர் சப்ளைப் பழுது என்று நினைத்து அங்கேயே நாட்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த செற் இதற்கு நல்ல உதாரணம். நீலம் முழுக்கக் கீழே இறங்கி, சிவப்பு மேல் ஓரத்தில் வளைந்து நின்றது. வீட்டுக்கார அம்மா கதவடியில் நின்றபடியே கேட்டார்:

“தம்பி, ரியூப் போட்டுதோ?”

“இல்லை அம்மா. மூண்டு நிறமும் நல்ல வெளிச்சமா வருது. ரியூப் போனா நிறம் மங்கும், இடம் மாறாது.”

பின்மூடியைக் கழற்றியதும் முதலில் கொட்டியது செம்மண். பிறகு இரண்டு பல்லி முட்டைக்கோது. டோச்சை ரியூப்களுக்குக் கீழே பிடித்தபோது, நீல ரியூபின் லென்ஸ் பொருந்தும் வளையத்தில் இருந்து தேன்பாகாக ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, அந்த இரண்டு ஐசிகளும் இருக்கும் கொன்வேர்ஜன்ஸ் போர்ட். துளி விழுந்த இடத்தில் செம்புக் கோடு பச்சை பிடித்து, விரலை வைத்தால் ஒட்டியது. ஐசி இரண்டும் ஹீற்சிங்கில் கறுப்பாக, வெளியே எந்தக் காயமும் இல்லாமல் இருந்தன.

இந்தத் துளியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சிறிய ரியூபிலிருந்து பெரிய திரைக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டியிருப்பதால் ரியூபின் முகம் பயங்கரமாகச் சூடாகும். அதை ஆற்றுவதற்கு முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு திரவம் அடைத்திருப்பார்கள். எதிலீன் கிளைக்கோலும் கிளிசரினும் கலந்தது. இரப்பர் வளையம் வயதாகி இறுகினால் அது கசியும். கரண்டைக் கடத்தும், செம்பை அரிக்கும். பல செற்களில் கொன்வேர்ஜன்ஸ் போர்ட் ரியூப்களுக்கு அடியிலேயே இருப்பதால் விழும் துளி நேரே அதில்தான் விழுகிறது. கசிவை நிறுத்தாமல் ஐசியை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்ப அதே பழுது வரும். வீட்டுக்காரர் திருத்துபவரைக் குறை சொல்வார், திருத்துபவர் ஐசி விற்ற கடையைக் குறை சொல்வார்.

அந்தத் திரவம் நஞ்சு. இனிப்பாகவும் இருக்கும். நாய், பூனை நக்கினாலும் சின்னப்பிள்ளை விரலை வாயில் வைத்தாலும் ஆபத்து. நிலத்தில் சிந்தியதைத் துடைத்த துணியை முற்றத்தில் எறியவேண்டாம்.

இனித் திருத்தும் விதம். வயரைச் சுவரில் இருந்து கழற்றிவிட்டு நன்றாக ஆறவிடவேண்டும். ரியூபுக்குப் போகும் தடித்த சிவப்பு வயரில் ஏறத்தாழ 30 ஆயிரம் வோல்ற் ஓடுவது. பவர் சப்ளையின் பெரிய கப்பாசிற்றர்களும் நிற்பாட்டிய பிறகு கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும். மீற்றரை வைத்துப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. இதில் பழக்கம் இல்லாதவர்கள், போர்ட்டைக் கழற்றித் தெரிந்தவரிடம் கொண்டுபோவதே நல்லது. எந்தச் சொக்கற் எங்கே இருந்தது என்று கழற்ற முதல் கைபேசியில் படம் எடுத்து வைத்தால் பாதித் தலையிடி குறையும்.

ஐசியை ஒன்று மட்டும் மாற்றுவது வீண். இரண்டும் ஒரே வயது, ஒரே சூட்டில் இருந்தவை. ஒன்று போனால் மற்றது வரிசையில் நிற்கிறது என்றுதான் அர்த்தம். அடுத்து ரெசிஸ்ரர்கள், அதாவது கரண்டை மட்டுப்படுத்தும் தடைகள். இங்கேதான் பெரும்பாலான திருத்தங்கள் பிழையாகிப் போகின்றன. ஒவ்வொரு யோக்கோடும் தொடராக, சில ஓம் மட்டும் உள்ள பெரிய ரெசிஸ்ரர் ஒன்று இருக்கும். யோக்கில் உண்மையில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்பதை ஐசி அதைப் பார்த்துத்தான் அறிகிறது. ஐசி ஒட்டுப்படும்போது இந்த ரெசிஸ்ரர் எரிந்து இணைப்பு அறுந்துவிடும், அல்லது அளவு ஏறிவிடும். வெளியே கறுக்காமலும் இப்படிப் போகும். புது ஐசியைப் போட்டு, எரிந்த ரெசிஸ்ரரை அப்படியே விட்டுச் செற்றைப் போட்டால், யோக்கில் ஓடவேண்டிய கரண்ட் சரியாக ஓடாது. அந்த நிறம் சேராமலே நிற்கும், சில வேளை புது ஐசியும் போகும். ஆறு வழியும் ஒரே மாதிரி என்பதால் அளப்பது கஷ்டமில்லை: ஒரு வழியின் ரெசிஸ்ரரை மற்ற வழியின் அதே ரெசிஸ்ரரோடு ஒப்பிட்டால் வேறுபடுவது தானாகக் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் வந்தால் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளக்கவேண்டும். ஐசிக்கு வரும் கூட்டல் வோல்ற்றேஜ், கழித்தல் வோல்ற்றேஜ் இரண்டின் பாதையிலும் சின்ன பியூஸ் இருக்கும். ரெசிஸ்ரர் அளவுக்கே இருப்பதால் அவை கண்ணில் படாது. ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் ஐசி பாதி உயிரோடு ஓடி ஆளைக் குழப்பும்.

பழைய ஐசியைக் கழற்றும்போது அவசரம் கூடாது. ஒரே வரிசையில் நெருக்கமாகப் பல கால்கள். ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்து, ஒவ்வொரு காலும் துளைக்குள் தளர்ந்து ஆடுகிறதா என்று பார்த்த பிறகுதான் இழுக்கவேண்டும். பலவந்தமாக இழுத்தால் செம்புக் கோடும் சேர்ந்து வரும். ஹீற்சிங்கில் உள்ள பழைய கிறீஸைச் சுரண்டித் துடைத்து, புதுக் கிறீஸை மெல்லிய படையாகப் பூசி, முதலில் ஐசியைத் திருகால் ஹீற்சிங்கில் இறுக்கிவிட்டு அதன் பிறகு கால்களுக்கு ஈயம் பிடிக்கவேண்டும். முதலில் ஈயம் பிடித்துவிட்டுப் பிறகு இறுக்கினால் கால்கள் இழுபட்டு நிற்கும். ஐசி ஹீற்சிங்கில் சரியாகப் படியாது. ஹீற்சிங்கில் இறுக்காமல் “ஒரு நிமிசம் போட்டுப் பார்ப்பம்” என்பது கூடவே கூடாது. ஒரு நிமிசம் வேண்டாம், சில செக்கனே போதும் ஐசி போக.

ரியூபை ஆற்றும் அந்தத் திரவம் பட்ட போர்ட் என்றால் இளஞ்சூட்டு நீரால் கழுவி, பிறகு அல்ககோல் போட்டுத் தேய்த்து, முழுக்கக் காயவிடவேண்டும். இந்த ஒன்றுக்கு மட்டும் வன்னி வெயில் உதவி. அரிபட்ட கோட்டுக்கு மெல்லிய வயர் ஒன்றைப் பாலமாகப் பிடித்துவிடலாம்.

யோக்கின் பெரிய சொக்கற்றைக் கழற்றிய நிலையில் செற்றைப் போடக்கூடாது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். அசையாத கற்றை ஒரே இடத்தில் விழுந்தால் ரியூபின் முகத்தில் மாறாத தழும்பு விழும். அதற்கு அதிக நேரம் தேவையில்லை. பிறகு உண்மையிலேயே ரியூப் போய்விட்டது என்று சொல்லவேண்டி வரும்.

எல்லாம் பூட்டிப் போட்டதும் நடப்பதுதான் இந்த வேலையின் நல்ல பகுதி. யாரும் மெனுவில் கை வைக்காத செற் என்றால், படம் கிட்டத்தட்டத் தானாகவே ஒன்றுசேர்ந்து வந்து நிற்கும். தொழிற்சாலையில் எழுதிய எண்கள் நினைவகத்தில் காத்திருந்தன. பெருக்கி திரும்ப வந்ததும் அவை தங்கள் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டன. நடுவில் ஒரு சின்னச் சரிப்படுத்தல், முடிந்தது. பழுதான ஐசியோடு மெனுவில் இழுத்துச் சேமித்த செற் என்றால், இல்லாத திருத்தத்துக்கு ஈடாக எழுதிய பிழையான எண்கள் உள்ளே இருக்கும். ஐசி நல்லாகியதும் படம் முன்பைவிடக் கேவலமாகத் தெரியும். வீட்டுக்காரர் பயந்துவிடுவார், புதிதாகத் தொழில் பழகும் பெடியனும் பயந்துவிடுவான். அப்போது சேர்விஸ் மோட்டுக்குள், அதாவது திருத்துபவர்களுக்கென்று உள்ள மறைவான மெனுவுக்குள், போய்ப் புள்ளி புள்ளியாக எல்லாவற்றையும் திரும்ப இழுக்கவேண்டும். பொறுமையான ஆளுக்கே ஒரு பின்னேரம் முழுக்கப் போகும். தானாகச் சரிசெய்யும் வசதி உள்ள செற்களும் உண்டு. ஹிற்றாச்சியில் மஜிக் போகஸ், சோனியில் பிளாஷ் போகஸ் என்று இருக்கும். ஐசி பழுதாக இருக்கும்போது அதை அழுத்தினாலும் வேலைக்கு ஆகாது.

சரிப்படுத்துவதற்கு முன் செற்றை அரை மணித்தியாலம் ஓடவிடவேண்டும். குளிர்ந்த செற்றில் சேர்த்த கோடு சூடானதும் நகர்ந்துவிடும். செற் எந்த இடத்தில் நிரந்தரமாக நிற்கப்போகிறதோ அங்கேயே, எந்தப் பக்கம் பார்த்து நிற்கப்போகிறதோ அந்தப் பக்கமாகவே வைத்துச் செய்வது நல்லது. பூமியின் காந்தப்புலம்கூடக் கற்றையைக் கொஞ்சம் இழுக்கும். முதலில் பச்சையை மட்டும் எடுத்து அதன் கட்டங்களை நேராக்கவேண்டும். பச்சைதான் அளவுகோல். அது கோணலாக இருந்தால் மற்ற இரண்டையும் கோணலுக்கே சேர்த்ததாக முடியும். அப்புறம் சிவப்பைப் பச்சைமேல், நீலத்தைப் பச்சைமேல். நடுவில் தொடங்கி வெளியே போகவேண்டும். மூலைகளில் ஒரு மயிரிழை விலகி நின்றால் விட்டுவிடலாம். அதைத் துரத்திப் போய் நடுவைக் கெடுத்தவர்கள்தான் அதிகம். ரியூபின் கழுத்தில் உள்ள காந்த வளையங்களைத் தொடவே வேண்டாம்.

சரி, ஐசி எங்கே எடுப்பது? இதுதான் இப்போது உண்மையான தலையிடி. சான்யோவின் குறைகடத்திப் பிரிவை 2011இல் ஒன் செமிகொண்டக்டர் என்ற அமெரிக்கக் கொம்பனி வாங்கிவிட்டது. புரொஜெக்ஷன் ரிவியே உலகத்தில் இல்லாமல் போனபிறகு இந்த ஐசிகளுக்கும் புதுச் சரக்கு இல்லை. கொழும்புப் புறக்கோட்டையில் விசாரித்தால் கிடைக்கும், வெளிநாட்டில் இருந்தும் தருவிக்கலாம். ஆனால் கொப்பிகள் நிறைய. கொப்பி போட்டதும் படம் நல்லாக வரும், சில நாளில் அல்லது சில வாரத்தில் போகும். கழற்றிய பழைய ஐசியை எறியாமல் கையோடு கொண்டுபோய், புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த சிறந்த வழி: எழுத்தின் வடிவம், பின்தகட்டின் தடிப்பு, பாரம், கால்களின் பூச்சு. மற்றவற்றைவிட மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருகிறேன் என்றால் வாங்கவேண்டாம். கடைசி மூன்று எண்களையும் சரிபார்க்கவேண்டும். அவை மாறினால் தாங்கும் வோல்ற்றேஜும் மாறும். கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். கொப்பி என்று பிறகு கண்டுபிடித்தால் இன்னொரு பஸ் பயணம். அதைவிட, ரியூப் போன அதே வகைச் செற் ஒன்று எங்கேயாவது கிடந்தால் அதில் இருந்து கழற்றிய நல்ல ஐசியை நான் விரும்புவேன், வயதானாலும் அசல்.

எல்லாச் செற்றையும் திருத்தவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. மூன்று நிறத்தையும் தனித்தனியே பார்க்கும்போது நீலம் மங்கி, வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால், அல்லது சனல் ஒன்றின் இலச்சினை நிழலாகப் பதிந்திருந்தால், ரியூப் தன் காலத்தை முடித்துவிட்டது. அதற்கு ஐசி போடுவது காசைக் கரைப்பது. திரவத்துக்குள் பூஞ்சணம் பிடித்துப் படம் புகைமூட்டமாகத் தெரிந்தால் திரவத்தை மாற்றலாம், அது தனி வேலை. கரண்ட் பில்லையும் யோசிக்கவேண்டும். இந்தச் செற்கள் 200 வாற்றுக்கு மேல் இழுக்கும். அதே அளவான இன்றைய எல்ஈடி ரிவிக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. தினமும் பார்க்கும் வீட்டுக்கு இது பெரிய விசயம். ஆனால் ரியூப் நல்லாக, கசிவில்லாமல், மெனுவில் யாரும் விளையாடாமல் இருக்கும் செற்றை இரண்டு ஐசிக்காகத் தூக்கி எறிவது அநியாயம். சனசமூக நிலையத்தில் கிழமைக்கு ஒரு படம் போடவும், கிரிக்கெட் மட்ச் நாளில் ஊரே கூடிப் பார்க்கவும் அது தாராளமாகப் போதும்.

கைவிடுவதென்று முடிவெடுத்தால், திரையைக் கழற்றிய உடனே அதைக் கவனிக்கவேண்டும். இரண்டு பிளாஸ்ரிக் தகடுகளில் உட்பக்கம் உள்ளது, விரலால் தடவினால் வட்ட வட்டமாக நுண்ணிய வரிகள் தெரியும் தகடு, ஒரு மாபெரும் உருப்பெருக்கி. வெயிலில் வைத்தால் சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவித்து மரத்தையே பற்றவைக்கும். கிடுகு வேலியில் சாத்தி வைத்தாலோ, கோழிக்கூட்டுக்கு மூடியாகப் போட்டாலோ யாரும் பார்க்காத நேரத்தில் நெருப்பு எடுக்கும். குவிந்த ஒளியைப் பார்த்தால் கண்ணும் போகும். வரியுள்ள பக்கத்தில் பெயின்ற் அடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் துண்டு துண்டாக வெட்டி நிழலில் வையுங்கள். பெரிய கண்ணாடியை உடைக்கவேண்டாம். ஒளி அதன் முன்பக்கத்திலேயே பட்டுத் திரும்பும்படி பூசப்பட்ட நல்ல கண்ணாடி அது, பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியர் யாராவது சந்தோசமாக வாங்கிக்கொள்வார். கொன்வேர்ஜன்ஸ் போர்ட்டை மட்டும் ஹீற்சிங்கோடு கழற்றி ஒரு பையில் கட்டி வைத்துவிடுங்கள், அடுத்த செற்றுக்கு உதவும்.